கிரப் எழுதுகிறது, கர்னல் படிக்கிறது

கேள்வி: பழைய மடிக்கணினியில் உபுண்டு நிறுவினேன். தொடங்கும்போதே திரை கறுத்து நின்றுவிட்டது. கணினியைத் தொடக்கும் கிரப் நிரலின் பட்டியலில் ஆங்கில 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்று சேர்க்கச் சொன்னார் நண்பர். சேர்த்தேன், திரை வந்தது. அந்த ஒரு சொல் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? மறுமுறை கணினியைப் போட்டால் அது ஏன் காணாமல் போகிறது?

பதில்: உங்கள் சொல்லின் பொருள் கிரப்புக்குத் தெரியாது. அது கர்னல் கோப்பை நினைவகத்தில் ஏற்றும். அந்த வரியில் கோப்பின் பெயருக்குப் பின்னால் இருப்பதை நினைவகத்தின் வேறோர் இடத்தில் எழுதிவைக்கும். அந்த இடத்தின் முகவரியைக் கர்னலிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

முகவரியைக் கொடுப்பதற்கென்று ஒப்புக்கொண்ட முறை உண்டு. பயாஸ் உள்ள இன்டெல், ஏஎம்டி கணினிகளில் 'ஜீரோ பேஜ்' எனப்படும் 4096 பைட் பக்கம் ஒன்றை கிரப் நிரப்புகிறது. கட்டளை வரி இருக்கும் முகவரி, தொடக்கக் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ் இருக்கும் முகவரி, அதன் அளவு எல்லாம் அதில் அதனதன் கட்டத்தில் இருக்கும். அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்பதை பிராசசரின் இஎஸ்ஐ ரிஜிஸ்டரில் வைத்துவிட்டு கிரப் கர்னலுக்குள் தாவுகிறது. ராஸ்பெரி பையில் இந்தப் பக்கம் கிடையாது. அங்கே வன்பொருளை விவரிக்கும் 'டிவைஸ் ட்ரீ'யில், 'சோசன்' என்ற பகுதிக்குள் 'பூட்ஆர்க்ஸ்' என்ற பெயரில் இதே வரி போகிறது.

இனி வேலை கர்னலுடையது. வரியை இடைவெளி பார்த்துத் துண்டாக்கி, ஒவ்வொன்றையும் தனக்குத் தெரிந்த பெயர்களோடு ஒப்பிடுகிறது. 'நோமோட்செட்' என்று கண்டதும், கிராஃபிக்ஸ் டிரைவர்கள் திரையின் முறையை மாற்றாமல் விட்டுவிடுகின்றன. அதனால்தான் உங்களுக்குப் படம் வந்தது. தெரியாத சொல் வந்தால் கர்னல் நின்றுவிடாது. சமக்குறி உள்ளதை, தான் முதலில் இயக்கும் இனிட் நிரலுக்குச் சூழல் மாறியாகவும், இல்லாததை அதன் வாதமாகவும் அனுப்பிவிடும். பெயரின் நடுவே புள்ளி இருந்தால் மாட்யூலுக்கு உரியது என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே 'நோமோட்செட்' என்பதில் எழுத்துப்பிழை செய்தாலும் கணினி பாட்டுக்குத் தொடங்கும். நீங்கள் கேட்டது மட்டும் நடக்காது.

பட்டியலில் செய்த திருத்தம் நினைவகத்தில்தான் இருந்தது, வட்டில் எழுதப்படவில்லை. அதனால்தான் மறுமுறை காணோம். நிலைக்க வேண்டுமானால் '/இடிசி/டிஃபால்ட்/கிரப்' கோப்பைத் திறந்து, 'கிரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டிஃபால்ட்' வரியின் மேற்கோளுக்குள் அந்தச் சொல்லைச் சேருங்கள். பிறகு 'சுடோ அப்டேட்-கிரப்' கட்டளையை இயக்குங்கள். கணினியை மறுபடி தொடங்கி '/ப்ராக்/சிஎம்டிலைன்' கோப்பைப் பார்த்தால், கர்னலுக்குப் போய்ச் சேர்ந்த வரி எழுத்துக்கு எழுத்து தெரியும்.

ஆனால் 'நோமோட்செட்' தற்காலிக உதவிதான். அது இருக்கும்வரை கிராஃபிக்ஸ் அட்டையின் முழு வேகம் கிடைக்காது. சரியான டிரைவரை நிறுவியதும் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.