பாடிய சுரத்தை மட்டும் ஊதட்டும்

பட்டர்வொர்த்தில் தமிழ்ப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான்காம் ஆண்டு வாக்கில் இசைக் கல்விப் பாடத்துக்காக ஒரு பிளாஸ்டிக் ரெக்கோடர் கைக்கு வந்துவிடும். பல வீடுகளில் அது பள்ளிப் பையில் கிடக்கும் இன்னொரு சாமான், அவ்வளவுதான். என் மகளுக்கும், மாக் மண்டினில் எங்கள் அடுக்குமாடியில் அவளோடு விளையாடும் பிள்ளைகளுக்கும் அதை வைத்தே இசை சொல்லிக்கொடுத்து வருகிறேன். பள்ளி சொல்லும்வரை காத்திருக்கவில்லை. ஏழெட்டு வயதில் விரல் துளையை மூடும் அளவுக்கு வளர்ந்ததும் தொடங்கிவிடுகிறேன். என்னிடம் உள்ள விதி ஒன்றுதான்: வாயால் பாடாத சுரத்தை ஊதக் கூடாது.

அதற்கும் முன்னால் தாளம். நான்கைந்து வயதுப் பிள்ளைக்கு ஜால்ரா போதும். ஃபெர்ரியில் அக்கரை போனால் பினாங்கு லிட்டில் இந்தியாவின் பூசைப் பொருள் கடைகளில் கிடைக்கும். கனமான பெரிய ஜோடி வேண்டாம். பிள்ளையின் கை சீக்கிரம் ஓய்ந்துவிடும். தட்டையாக அப்பி அடித்தால் நடுவில் காற்று அடைபட்டு ஓசை செத்துவிடும். விளிம்போடு விளிம்பு படும்படி, சற்றே சாய்த்துத் தட்டக் காட்டுங்கள். ஆதி தாளத்துக்கு ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு இரண்டு முறை தட்டும் வீச்சும். இந்த விரல் எண்ணிக்கை சின்னவர்களுக்குக் குழப்பம். எட்டு வரை வாயால் எண்ணிக்கொண்டு முதல் எண்ணில் மட்டும் ஜால்ரா தட்டட்டும். இடையில் உள்ள ஏழு எண்களிலும் கையை அடக்கிக் காத்திருப்பதுதான் பாடம். நம் ஊர்ப் பிள்ளைகள் தைப்பூசத்தில் தோளில் இருந்தபடியே உறுமி மேளம் கேட்டு வளர்ந்தவர்கள். அடி எங்கே விழும் என்பது அவர்கள் காலுக்கு ஏற்கெனவே தெரியும். அதனால் முதலில் நடக்கவிட்டுத்தான் தட்டச் சொல்வேன்.

சுரம் சொல்லித்தர எனக்கு வழி காட்டியது சிலப்பதிகாரம். ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை என்று ஏழு சுரங்களின் பெயரைச் சூட்டி நிறுத்துகிறாள். சுரம் என்பது ஓர் ஆளாகவே எதிரில் நிற்கிறது! பிள்ளைகளுக்கு இதைவிட எளிதாக எப்படிச் சொல்ல முடியும்? எங்கள் வீட்டுக் கூடத்தில் ஐந்து பேரை வரிசையாக நிறுத்துவேன்: ப, த, ஸ, ரி, க. நடுவில் ஸ. அதற்கு ஒரு பக்கம் கீழே உள்ள ப, த; மறுபக்கம் ரி, க. நான் யார் தலையைத் தொடுகிறேனோ அவர் தம் சுரத்தைப் பாட வேண்டும். இடம் மாறி நின்றால் சுரமும் மாறும். கொஞ்ச நாளில் ஒரு பிள்ளையே தலைகளைத் தொட்டு ஒரு மெட்டு உண்டாக்கிவிடும்.

இந்த ஐந்தும் சேர்ந்தால் மோகனம். குரவையில் பேசப்படும் முல்லைத் தீம்பாணி இந்த மோகனமே என்று இசை ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்வார்கள். நான் இதைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணம் ரெக்கோடரிலேயே இருக்கிறது. சுருதிப் பெட்டியில் ஐந்து கட்டை வைத்துக்கொண்டால் ஸ என்பது மேற்கத்திய ‘ஜி’. இடது கையை மேலே வைத்து, பின் துளையைக் கட்டைவிரலாலும் முன்னால் முதல் மூன்று துளைகளையும் மூடினால் ஸ. மூன்றாம் விரலை எடுத்தால் ரி. இரண்டாம் விரலையும் எடுத்தால் க. ஸ-வோடு வலது கையின் இரண்டு விரல்களைச் சேர்த்தால் கீழ் த. மூன்றாவதையும் சேர்த்தால் கீழ் ப. பள்ளியில் முதலில் கற்றுத்தரும் பி, ஏ, ஜி என்ற மூன்றும் நம் க, ரி, ஸ-தான். பிள்ளைக் குரலுக்கும் இந்த எல்லை எட்டும். ரெக்கோடர் அதே சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும்.

நம் மரபில் தொடக்கம் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் அந்த வரிசையைக் குரலில் பாடுவதற்கு நான் தடை சொல்லமாட்டேன். ஆனால் அதன் தாழ்ந்த ரி-க்கும் த-வுக்கும் ரெக்கோடரில் விரல் தாவ வேண்டும், துளையைப் பாதி மூட வேண்டும். எட்டு வயது விரல் அதற்குப் பழகவில்லை. கமகமும் இப்போது வேண்டாம். மோகனத்துக்கு உயிர் தரும் அசைவுகளெல்லாம் குரலில் வரட்டும். குழலில் நேர் சுரம் போதும்.

புல்லாங்குழலே வாங்கித் தரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அதில் உதட்டை வைக்கும் கோணம் பிடிபடும்வரை வெறும் காற்றுதான் வரும். ரெக்கோடரின் வாய்ப்பகுதி காற்றைத் தானே கொண்டுபோய் விளிம்பில் மோதவிடுகிறது. ஊதிய நொடியே ஓசை பிறக்கிறது. தானே தாளம் போடும் மலிவுக் கீபோர்டை நான் பரிந்துரைப்பதில்லை. பிள்ளை செய்ய வேண்டிய வேலையை அது பிடுங்கிக்கொள்கிறது.

கீச்சென்று அலறினால் இரண்டே காரணம்: காற்று அதிகம், அல்லது ஒரு துளை சரியாக மூடவில்லை. விரல் நுனியால் குத்தாமல், சதைப்பற்றான பகுதியால் மூட வேண்டும். எடுத்துப் பார்த்தால் விரலில் வட்டத் தடம் பதிந்திருக்க வேண்டும். காற்றுக்கு என் வழி, முகம் பார்க்கும் கண்ணாடியில் ஆவி படிய ஊதச் சொல்வது. அந்த இளங்காற்றோடு ஒவ்வொரு சுரத்தையும் ‘து’ என்று நாக்கால் தொடங்கினால் ஓசை தெளிவாக விழும். ஊத ஊத உள்ளே நீர் கோத்து ஒலி அடைக்கும். வாயருகே உள்ள சன்னலை விரலால் மூடி ஒரு முறை பலமாக ஊதினால் வெளியேறிவிடும். முடிந்ததும் மூன்று துண்டாகக் கழற்றித் துடைத்துக் காயவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் உறைக்குள்ளேயே வைத்தால் நாற்றம் பிடிக்கும். கடையில் பரோக் என்றும் ஜெர்மன் என்றும் இரண்டு விரலமைப்பு உண்டு. நான் சொன்ன ஐந்து சுரத்துக்கு இரண்டும் ஒன்றே. எனவே பள்ளி கேட்கும் வகையை வாங்குங்கள்.

அடுக்குமாடியில் நேரமும் முக்கியம். மஃரிப் பாங்குக்கு முன்பே நிறுத்திவிடுவோம். கீழ்வீட்டு மாக்சிக்கிடம் முதலிலேயே போய்ச் சொல்லி வைத்தேன். இப்போது அவர் பேரனும் வரிசையில் ‘த’வாக நிற்கிறான். ஒரு தடவைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் நான் ஊதவிடுவதில்லை. பிள்ளை இன்னும் கொஞ்சம் கேட்கும்போதே நிறுத்துவது நல்லது.

ஐந்து சுரம் பழகிய பிள்ளை தானாகவே எதையாவது தேடத் தொடங்கும். சினிமாப் பாட்டோ, கோயில் திருமுறை வகுப்பில் கேட்ட பதிகமோ, ஏதோ ஓர் இடத்தில் சிக்கிக்கொள்ளும். “அம்மா, இந்த இடத்துல வேற ஒண்ணு வருது, அது இதுல இல்லையே” என்று என் மகள் வந்து நின்றாள். பாடிக் காட்டச் சொன்னேன். சுருதி பிசகாமல் ம-வைப் பாடினாள். கட்டைவிரலையும் நடுவிரலையும் மட்டும் வைத்து, மற்றதையெல்லாம் எடுத்துவிடு என்றேன்.