லைன் வீட்டில் மகளுக்கு ஓர் அறை

கேள்வி: எங்கள் லைன் வீட்டில் தடுப்பு வைத்து, ஆறு வயது மகளுக்குச் சின்ன அறை ஒதுக்கியிருக்கிறோம். எப்படி அலங்கரிப்பது?
– ஒரு வாசகி, சாம்பியன் ரீப்ஸ்

பதில்: முதலில் தூசியைக் கவனியுங்கள். உங்கள் ஊர்க் கோலார் தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டாலும், அதன் சயனைடு கழிவு மண்மேடுகள் அங்கேயேதான் நிற்கின்றன. காற்றடித்தால் அந்த மண் வீட்டுக்குள் வரும். ஆகவே கம்பளம், கனத்த திரை, பஞ்சு பொம்மைக் குவியல் எதுவும் வேண்டாம். அடிக்கடி துவைக்கத் தோதான பருத்தித் திரை போதும். தரையை ஈரத்துணியால் துடையுங்கள்.

பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக்கூடாது என்பது 2017 முதல் விதி. டப்பாவில் பார்த்து வாங்குங்கள். பழைய பெயிண்டை உலர்வாகச் சுரண்டாதீர்கள். கட்டிலுக்கடியில் இழுப்பறை வைத்தால் பீரோ தேவைப்படாது. அலமாரி வைத்தே தீருவதென்றால் சுவரோடு திருகி இறுக்குங்கள். பிள்ளைகள் ஏறத்தான் செய்வார்கள். நிறம்? அதை மகளிடமே கேளுங்கள். பெண் குழந்தை என்றாலே ரோஸ் என்று யார் சொன்னது!