மூலிகையின் குணமும் விளம்பரத்தின் மயக்கமும்



மருந்தைப் பற்றி எழுத உமக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். மதரஸாவில் ஓதியதும், தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு படித்ததுமே நமது கல்வி. நாம் வைத்தியருமல்ல, மருந்தாளருமல்ல. ஆனால் வாப்பா காலத்திலிருந்து நமது மளிகைக் கடையில் ஒரு பக்கச் சுவர் முழுதும் நாட்டு மருந்துச் சரக்குதான். சுக்கு, திப்பிலி, அதிமதுரம், கடுக்காய், வசம்பு, கருஞ்சீரகம், நிலாவரை என்று டப்பாக்களில் பெயர் எழுதி அடுக்கியிருப்போம். சரக்கை முகர்ந்தே பழசா புதிதா என்று சொல்ல வாப்பா பழக்கினார்கள். அப்படிப் பழகிய நாமே ஏமாந்தோம்; நம்மை நம்பியவரையும் ஏமாற்றினோம். ஆகவேதான் எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விற்பனையாளர் மூட்டுவலிக்கென்று சூரண டப்பா கொண்டுவந்தார். டப்பாவின் மேல் பச்சை இலைப் படம். முற்றிலும் மூலிகை, பக்கவிளைவு அறவே இல்லை என்ற வாசகம். வாங்கும் விலை 20 வெள்ளி, விற்கும் விலை 38 வெள்ளி. ஒரு கிலோ சீரகத்தில் சில காசுகள் இலாபம் பார்க்கும் நமக்கு இது பெரிய காரியமாகத் தோன்றியது. இரண்டு டஜன் எடுத்தோம்.

நமது பள்ளிவாசலில் முதல் ஸஃப்பில் தொழும் பெரியவர் ஒருவர் முழங்கால் வலியால் நாற்காலியில் அமர்ந்து தொழுது வந்தார்கள். அவர்களுக்கு ஒரு டப்பா கொடுத்தோம். மறுநாள் சுபுஹுக்கே நின்று தொழுதார்கள். தொழுகை முடிந்ததும் நம் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, ஷிஃபா கொடுக்கிறவன் அல்லாஹ், காரணம் உங்க டப்பா" என்றார்கள். அதைக் கேட்டு நின்றவர்கள் எல்லோரும் அன்று மாலையே கடைக்கு வந்துவிட்டார்கள். இரண்டு டஜனும் ஒரு வாரத்தில் தீர்ந்தது. மீண்டும் எடுத்தோம்.

மூன்றாம் மாதத்தில் பெரியவரின் முகம் உப்பி வட்டமாகிவிட்டது. நல்ல சதை பிடித்திருக்கிறது என்று நாமும் சிரித்துப் பேசினோம். இலேசாகத் தட்டினாலும் தோலில் கருநீலத் தழும்பு விழுந்தது. கட்டுக்குள் இருந்த சர்க்கரை எகிறியது. இதற்கிடையில் சரக்கு வரத் தாமதமாயிற்று. அவர்கள் மருந்தைச் சட்டென்று நிறுத்த நேர்ந்தது. நான்காம் நாள் ஒளூச் செய்யுமிடத்தில் மயங்கி விழுந்தார்கள். மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, வேறு ஏதேனும் சூரணம் சாப்பிடுகிறாரா என்பதுதான். டப்பாவை ஆய்வுக்கு அனுப்பினார்கள். அதில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருந்தது.

டாக்டர் நம்மை உட்காரவைத்து விளக்கினார். சிறுநீரகத்தின் மேல் சிறிய சுரப்பி ஒன்று இருக்கிறது. உடம்புக்கு வேண்டிய இவ்வகைச் சத்தை அது தானே ஊறவைக்கிறது. வெளியிலிருந்து பல வாரம் தொடர்ந்து கொடுத்தால், நமக்கு வேலையில்லை என்று அந்தச் சுரப்பி உறங்கிவிடும். திடீரென்று நிறுத்தினால் உள்ளேயும் ஊறாது, வெளியிலிருந்தும் வராது, ஆள் சாய்ந்துவிடுவான். இதே ஸ்டீராய்டை டாக்டர்களும் கொடுக்கிறார்கள். ஆனால் அளவறிந்து கொடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிறார்கள். டப்பாக்காரன் அதைச் சொல்லவுமில்லை, நமக்குக் கேட்கத் தெரியவுமில்லை. பெரியவர் அல்லாஹ் அருளால் பிழைத்துக்கொண்டார்கள். நம்மை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

இது எங்கோ ஓரிடத்தில் நடந்த அபூர்வமன்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மருந்துகளைக் கண்காணிக்கும் அதிகாரிகள், மூட்டுவலி ஜாமுவிலும் சூரணத்திலும் டெக்ஸாமெத்தசோன் இருந்ததாகவும், ஆண்மைக்கென்று விற்கும் காப்பித்தூளிலும் தேன் பொட்டலத்திலும் சில்டெனஃபில் இருந்ததாகவும் திரும்பத் திரும்ப அறிவித்து வருகிறார்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் மாத்திரை வைப்பவர் அந்தக் காப்பியைக் குடித்தால் இரத்த அழுத்தம் சடாரென்று விழுந்து உயிருக்கே மோசம் வரலாம். பெயர் தொங்காட் அலி. வேலை செய்வது வேறொன்று. வெட்கத்தால் வீட்டில் சொல்லாமல் குடிப்பதால், மயங்கி விழுந்தாலும் காரணம் யாருக்கும் தெரிவதில்லை.

அப்படியானால் மூலிகையே பொய்யா? ஒருபோதும் இல்லை. நிலாவரையையே எடுத்துக்கொள்ளுங்கள். அரபு நாட்டார் ஸனா என்பது இதையே. நம்மில் பலருடைய பூர்வீகமான திருநெல்வேலிச் சீமையில் விளைந்து, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்கு ஏறிய சரக்கு இது. சீமை மருந்து நூல்களில் அதற்குத் திருநெல்வேலியின் பெயரே நிலைத்துவிட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இன்றும் மலச்சிக்கலுக்கென்று இது இருக்கிறது. இரவில் அருந்தினால் காலையில் வேலை செய்யும். எந்தச் சத்து வேலை செய்கிறது, எவ்வளவு கொடுக்கவேண்டும், எப்போது நிறுத்தவேண்டும் என்பதெல்லாம் அறியப்பட்ட விஷயம். உண்மையான மருந்து என்பது இதுதான்: ஒரு நோய், ஒரு வேலை, ஓர் அளவு.

இதே நிலாவரையை அழகான பெட்டியில் போட்டு, உடல் மெலியும் தேநீர் என்று பெயரிட்டு, பொட்டலத்திற்குப் பத்து மடங்கு விலை வைக்கிறார்கள். குடித்தவருக்கு இரண்டு நாளில் எடை குறைவதும் உண்மையே. குறைந்தது கொழுப்பன்று, குடலிலிருந்து இறங்கிய மலமும் நீருமே. மாதக்கணக்கில் குடிப்பவருக்கு உடம்பின் உப்புச் சத்து குறைந்து இருதயத் துடிப்பே தடுமாறலாம். சரக்கு ஒன்றே, மருந்தாக இருந்ததை மயக்காக மாற்றியது பெட்டியின்மேல் எழுதிய எழுத்து.

செடியிலிருந்து மருந்து எப்படிப் பிறக்கிறது என்பதற்குச் சீனத்து உதாரணம் ஒன்று நம் மனத்தில் பதிந்திருக்கிறது. மலேரியாவுக்கு மருந்து தேடிய தூ யூயூ என்ற அம்மையார் பழைய வைத்திய நூல்களைப் புரட்டினார். மாசிப்பத்திரி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியை எல்லாரும் கொதிக்கவைத்துப் பார்த்தார்கள். குணம் நிலையாகத் தெரியவில்லை. நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய நூலிலோ, அச்செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி இருந்தது. சூடுதான் குணத்தைக் கெடுக்கிறதோ என்று அம்மையாருக்கு ஐயம் எழுந்தது. சூடு குறைந்த முறையில் 1971இல் சத்தை இறக்கினார்; மருந்து வேலை செய்தது. நோயாளிக்குக் கொடுக்குமுன் தாமும் தம்முடன் வேலை செய்தவர்களும் அருந்திப் பார்த்தார்கள். 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. பழைய நூல் வழியைக் காட்டிற்று. சோதனை அதை மருந்தாக்கிற்று. ஒன்றை விட்டு மற்றொன்றில்லை.

நமது வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியின் கதை இன்னும் வியப்பானது. அதன் இலை சர்க்கரை நோய்க்கு நல்லது என்று பல நாட்டு ஜனங்கள் சொல்லி வந்தார்கள். 1950களில் கனடா நாட்டில் ராபர்ட் நோபிள் என்ற டாக்டர் அதைச் சோதித்தார். எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை. ஊசி வழி இலைச்சாற்றைச் செலுத்தியபோது வெள்ளை அணுக்கள் குறைந்து எலிகள் செத்தன. வேறொருவராக இருந்தால் தூக்கி எறிந்திருப்பார். வெள்ளை அணுவைக் குறைப்பது இரத்தப் புற்றுக்கு உதவுமே என்று அவர்கள் சிந்தித்தார்கள். அந்தச் செடியிலிருந்து வந்த வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் இன்றும் புற்றுநோய்க்கு, முக்கியமாகக் குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு, கொடுக்கப்படுகின்றன. ஆனால் ஒரு கிராம் மருந்தைப் பிரிக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். வாசல் செடியில் ஐந்து இலை பறித்து மெல்லுவதற்கும் அந்த மருந்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை; மென்றால் வாந்தியும் கேடும்தான் மிச்சம்.

கைத்தொலைபேசியில் வரும் செய்திகளோ இந்த வித்தியாசத்தையெல்லாம் பார்ப்பதில்லை. 2010க்குப் பின் சில ஆண்டுகள் நமது நாட்டில் சபா பாம்புப்புல் என்னும் செடி வீட்டுக்கு வீடு தொட்டியில் வளர்ந்தது நினைவிருக்கும். எல்லாப் புற்றும் தீரும் என்றார்கள். தாய்லாந்தில் அதை அக்கிக்கு மேற்பூச்சாகப் பயன்படுத்துகிறார்கள். அது வேறு விஷயம். அடுத்து துரியான் பெலாண்டா இலை வந்தது. அந்த மரத்தின் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாக உட்கொண்ட குவாடலூப் தீவினரிடம் நடுக்குவாத நோயை ஒத்த ஒரு நரம்பு நோய் அதிகமாக இருப்பதை 1999இல் டாக்டர்கள் எடுத்துக்காட்டினார்கள். நோயாளி கேட்டால், கீமோ சிகிச்சையை விட்டுவிட்டு இதைக் குடி என்று நாம் சொல்லலாமா? வாங்க வருபவர் கண்ணில் இருக்கும் பயத்தைப் பார்த்தபிறகும் கல்லாவை மட்டும் பார்ப்பது எப்படி?

இங்கே கருஞ்சீரகத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் நமது வாசகர்கள் விடமாட்டார்கள். அதன் சிறப்பைக் கூறும் நபிமொழி புகாரியில் உள்ளதை யாவரும் அறிவர். அதை நாமும் ஈமானோடு ஏற்கிறோம். ஆனால் அந்த அறிவிப்பையே முழுதாக ஓதிப்பாருங்கள். பயணத்தில் நோயுற்ற ஒருவரைப் பார்க்க வந்த இப்னு அபீ அதீக் என்பவர், ஐந்து அல்லது ஏழு விதைகளை எடுத்து நுணுக்கி, எண்ணெயில் கலந்து மூக்கில் சொட்டு விடும்படி சொல்கிறார். எண்ணிக்கையும் உண்டு, முறையும் உண்டு. அந்த நபிமொழியின் சொல் பொதுவாக இருப்பினும் கருத்து குறிப்பிட்ட நோய்களையே சுட்டும் என்று இமாம் கத்தாபி போன்ற பெரியோர் விளக்கியிருக்கிறார்கள். கருஞ்சீரகத்தால் சர்க்கரையும் கொழுப்பும் ஓரளவு குறைவதாக இக்காலச் சிறு ஆய்வுகள் சிலவற்றில் தெரிகிறது. இன்சுலினை நிறுத்திவிட்டு எண்ணெய்க் குப்பியை நம்பு என்று ஹதீஸும் சொல்லவில்லை, ஆய்வும் சொல்லவில்லை. குப்பி விற்பவன் சொல்கிறான். நபிமொழியைக் காட்டி 60 வெள்ளிக்கு விற்பவனைக் கண்டால் நமக்குக் கோபமே வருகிறது.

செடிதானே, கெடுதல் என்ன என்பாரும் உண்டு. எட்டிக்கொட்டையும் செடியின் பொருளே. அரளியும் ஊமத்தையும் செடிகளே. சேங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் சித்த வைத்தியர் தொடமாட்டார். பெயர்க் குழப்பமும் ஆபத்தானது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில் உடல் மெலிவதற்காகக் கொடுத்த மாத்திரையில் ஃபாங் ஜி என்ற சீனச் சரக்குக்குப் பதிலாகக் குவாங் ஃபாங் ஜி கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. சிலருக்குப் பின்னர் சிறுநீர்ப்பாதையில் புற்றும் கண்டது. அந்தச் சரக்கின் இனத்தைச் சேர்ந்தவைதான் நமது ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும். இதை அறிந்த அன்றே அவ்விரண்டு டப்பாக்களையும் காலி செய்துவிட்டோம்.

இனிக் கடை நடத்துவோருக்குச் சில வார்த்தைகள். மலேசியாவில் பெட்டியிலும் குப்பியிலும் வரும் பாரம்பரிய மருந்துக்குப் பதிவு எண் இருக்கவேண்டும். எம்.ஏ.எல். என்று தொடங்கி, எட்டு இலக்கங்கள் வந்து, டி என்னும் எழுத்தில் முடியும். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையப் பக்கத்தில் தட்டினால் மருந்தின் பெயர் வரும். பெயர் பொருந்துகிறதா என்று பாருங்கள். வேறொரு மருந்தின் எண்ணைத் திருடி அச்சிடுவோர் உண்டு. நமது டப்பாவில் எண் இருந்தது. அது ஒரு இருமல் மருந்தின் எண் என்பது பிறகுதான் தெரிந்தது. எண் இருப்பதால் நோய் தீரும் என்று பொருளன்று. விஷமும் கலப்படமும் இல்லையா என்று பார்த்திருக்கிறார்கள் என்பதே பொருள். பதிவில்லாததை விற்றால் முதல் முறைக்கே 25,000 வெள்ளி வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் கிடைக்கலாம். 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டப்படி நீரிழிவு, புற்று, இருதயம், சிறுநீரகம், இரத்த அழுத்தம், ஆண்மைக்குறைவு முதலிய இருபது வகை நோய்களுக்கு மருந்து என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக்கூடாது. ஆகவே அவற்றைத் தீர்ப்பதாகப் பெட்டியில் அச்சிட்டிருந்தால், அச்சிட்டவனே சட்டத்தை மீறியவன் என்று அறிந்து திருப்பி அனுப்பிவிடலாம்.

வைத்தியம் அறியாதவன் வைத்தியம் செய்து கேடு விளைந்தால் அவனே பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு ஹதீஸ் வருகிறது. சிறுவயதில் ஓதியபோது அது டாக்டர்களுக்குச் சொன்னது என்று நினைத்தோம். இப்போது நோய்க்கு மருந்து கேட்டு வருபவரிடம், வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று முதலில் கேட்கிறோம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன் என்றால் மூலிகைக் குளிகை எதையும் கொடுப்பதில்லை. டாக்டரிடம் கேட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறோம். சிலர் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

மிச்சமிருந்த ஒன்பது டப்பாக்களை மருந்து அமலாக்க அதிகாரியிடம் ஒப்படைத்தோம். விற்பனையாளரின் தொலைபேசி எண் அன்றிலிருந்து ஒலிப்பதில்லை. வாங்கிச் சென்ற மற்றவர்களின் வீடுகளைத் தேடிப் போய்ச் சொன்னோம். அவர்களில் இருவர் நம்பவில்லை, நன்றாகத்தானே இருக்கிறது, இன்னொரு டப்பா கொடு என்றார்கள்.

அந்தப் பெரியவர் மீண்டும் நாற்காலியில் அமர்ந்துதான் தொழுகிறார்கள். ஜும்ஆ முடிந்து கடைக்கு வந்து இசப்கோல் வாங்குவார்கள். பொட்டலத்தைக் கையில் எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் திருப்பி ஒவ்வோர் எழுத்தாகப் படித்த பிறகே காசை எடுக்கிறார்கள். நாமும் அவர்கள் படித்து முடிக்கும்வரை காத்திருக்கிறோம்.