மினிகாப்பில் பிள்ளை எங்கே இருக்கிறது?
விடுமுறைக்குப் புறப்படுவோருக்கு ஒரு பாடம்



ஆடி மாதம் பிறந்தால் நமது கோயில் மண்டபத்தில் அன்னதான வரிசையில் நிற்கும்போது கேட்கும் பேச்செல்லாம் ரிக்கற் விலை, பெட்டியின் நிறை, நல்லூர்க் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேரலாமா, தேருக்குத்தான் முடியுமா என்பவைதான். இவ்வளவு விபரமாகத் திட்டம் போடும் நாங்கள் ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை. விடியப்புறம் மூன்று மணிக்கு இல்ஃபோர்ட் வீட்டு வாசலில் மினிகாப் வந்து நிற்கும்போது, வீட்டிலுள்ள சின்னப்பிள்ளை அதில் எங்கே, எப்படி இருக்கப்போகிறது?

நான் கணக்காளர். விதிகளை வாசிப்பது என் தொழில். அப்படியிருந்தும் இந்த விதியை நான் காலம் கடந்தே வாசித்தேன். மகளுக்கு அப்போது இரண்டு வயது. ஹீத்ரோ போகும் வழியில், நோர்த் சேர்க்குலர் வீதியில், முன்னால் போன லொறி திடீரென வேகத்தைக் குறைக்க எங்கள் சாரதியும் பிரேக்கை அழுத்தினார். மோதல் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் மனைவியின் மடியில் நித்திரையாயிருந்த பிள்ளை கையை விட்டுப் போய் முன் சீற்றின் முதுகில் முகம் அடிபட்டது. மேலுதடு வெடித்து இரத்தம். விமான நிலையத்தில் பெட்டி போடும் வரிசையில் ஈரத் துணியால் துடைத்தபடியே நின்றோம். அந்த நேரம் எங்கள் சொந்தக் கார் வீட்டு வாசலில் நின்றது. அதற்குள் பிள்ளையின் கார் சீற் வெறுமையாக இருந்தது.

சாரதியில் பிழையில்லை. சட்டப்படி எங்களிலும் பிழையில்லை. இதுதான் இந்தப் பாடத்தின் விஷயம்.

பிரித்தானியச் சட்டத்தின் பொது விதி பலருக்கும் தெரிந்ததே. 12 வயது நிறையும் வரை, அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம் வரும் வரை, இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை பிள்ளை பொருத்தமான கார் சீற்றில் அல்லது பூஸ்ரரில் இருக்க வேண்டும். இது 2006 செப்ரெம்பரிலிருந்து நடைமுறையிலுள்ளது. உயரத்தை வைத்து வாங்கும் ஐ-சைஸ் வகைச் சீற்றானால், 15 மாதம் தாண்டும் வரை பிள்ளை பின்பக்கம் பார்த்தபடியே இருக்க வேண்டும். மீறினால் 500 பவுண் வரை தண்டம். பிள்ளை 14 வயதுக்குக் குறைவென்றால் அந்தத் தண்டம் காரை ஓட்டுபவரின் தலையில்தான் விழும்.

ரக்சிக்கும் மினிகாப்புக்கும் இதில் விலக்கு உண்டு. சாரதியிடம் பொருத்தமான சீற் இல்லையென்றால், பிள்ளை பின் ஆசனத்தில் சீற் இல்லாமலே பயணம் செய்யலாம். 3 வயதும் அதற்கு மேலும் என்றால் பெரியவர்களின் பெல்ற்றைப் போட வேண்டும். 3 வயதுக்குக் குறைவென்றால் பெல்ற்றும் இல்லாமல் போகலாம். முன் ஆசனத்துக்கு இந்த விலக்கு கிடையாது.

வாசித்தவுடன் எனக்கு விசித்திரமாக இருந்தது. எல்லாரிலும் சின்னப்பிள்ளைக்குத்தானா ஒன்றும் வேண்டாம் என்கிறார்கள்? சற்று யோசித்தால் காரணம் விளங்கும். பெரியவர்களின் பெல்ற் கைக்குழந்தையின் கழுத்திலும் வயிற்றிலும் கிடக்கும், அது ஆபத்து. தெருவில் மறித்து ஏறும் ரக்சியில் எல்லா வயதுக்கும் சீற் வைத்திருக்கும்படி சாரதியைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. ஆகவே சட்டம் ஒதுங்கி நிற்கிறது. அந்த ஒதுங்கலை "மடியில் வைத்திருந்தால் போதும், சட்டமே சொல்லுது" என்று நாங்கள் மொழிபெயர்த்துக் கொள்கிறோம். ஒரு செலவுக்கு வரி விலக்கு உண்டு என்பதனால் அந்தச் செலவு இலாபமாகி விடுவதில்லை என்று என் வாடிக்கையாளர்களுக்கு நான் அடிக்கடி சொல்வேன். இதுவும் அப்படித்தான்.

மடி எவ்வளவு தாங்கும் என்பதைக் கணக்காகவே பார்ப்போம். மணிக்கு 30 மைல் என்பது விநாடிக்கு 13.4 மீற்றர். ஒரு பொருள் விழுந்து அந்த வேகத்தைப் பெற வேண்டுமானால் ஏறக்குறைய 9 மீற்றர் உயரத்திலிருந்து விழ வேண்டும். அதாவது மூன்று மாடி. எம் 25 பெருந்தெருவின் 70 மைல் வேகத்துக்கு அதே கணக்கைப் போட்டால் 50 மீற்றர் வருகிறது. இனி, 30 மைலில் போகும் கார் எதிலாவது மோதி, முன்பாகம் நசுங்கி, 60 சென்ரிமீற்றருக்குள் நிற்கிறது என்று வையுங்கள். அந்தக் கணத்தில் எல்லாப் பாரமும் 15 மடங்காகும். 10 கிலோப் பிள்ளை 150 கிலோ. சுன்னாகம் சந்தையில் 50 கிலோ அரிசி மூடைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கண்மூடித் திறக்க முன்னர் கையால் பிடித்து நிறுத்து என்பது போல. எந்தத் தாயின் கைக்கும் அந்தப் பலம் இல்லை. அன்பு குறைந்ததனால் அல்ல.

சிலர் தன் பெல்ற்றை மடியிலிருக்கும் பிள்ளையையும் சேர்த்துப் போடுவார்கள். அது இன்னும் மோசம். தாயின் 60 கிலோவும் 15 மடங்காகிப் பிள்ளையைப் பெல்ற்றோடு நெரிக்கும்.

இதை மண்டபத்தில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, உங்களையெல்லாம் சைக்கிள் பாரிலை வைச்சுத்தானே யாழ்ப்பாணம் முழுக்கக் கொண்டு திரிஞ்சம். ஆர் செத்தது?" நியாயமான கேள்வி. என் தகப்பனாரும் பாரில் சின்னச் சீற் பூட்டித்தான் என்னைப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவர். "அம்மா, அப்பாவின்ரை சைக்கிள் எழுபது மைலிலை ஓடேல்லை" என்றேன். சிரித்துவிட்டு, தன் பேரனுக்கு என்ன சீற் வாங்கலாம் என்று கேட்டார்.

இன்னொரு தவறான எண்ணம், விலக்கு எல்லா வாடகை வாகனத்துக்கும் உண்டு என்பது. விலக்கு அனுமதி பெற்ற ரக்சிக்கும் மினிகாப்புக்குமே. இலண்டனில் மினிகாப் என்றால் கண்ணாடியில் ரான்ஸ்போர்ட் ஃபோ லண்டனின் வட்ட அடையாளம் ஒட்டியிருக்கும். நம் ஆட்களில் பெரும்பாலானோர் விமான நிலையம் போவது மச்சானின் ஏழு சீற் வாகனத்தில், அல்லது பெற்றோல் காசு வாங்கிக்கொண்டு கொண்டுபோய் விடும் தெரிந்த அண்ணரின் வானில். அது சட்டத்தின் கண்ணில் சாதாரணக் கார். 3 வயதுக்குக் குறைந்த பிள்ளை கார் சீற் இல்லாமல் அதில் ஏறவே கூடாது. பிடிபட்டால் தண்டம் உதவி செய்த அந்த மனிதருக்கு. 3 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை எதிர்பாராத, அவசியமான, குறுந்தூரப் பயணத்தில் பெரியவர் பெல்ற்றோடு போகலாம் என்று ஒரு சலுகை இருக்கிறதுதான். ஆறு மாதத்துக்கு முன் ரிக்கற் எடுத்து, இலண்டனின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போகும் பயணத்தை எதிர்பாராத குறுந்தூரப் பயணம் என்று பொலிசுக்குச் சொல்ல நான் துணியமாட்டேன்.

மினிபஸ்ஸிலும் கோச்சிலும் கார் சீற் கட்டாயமில்லை. மினிபஸ்ஸில் 3 வயதும் மேலுமான பிள்ளைகள், சீற் இருந்தால் அதையும் இல்லாவிட்டால் பெல்ற்றையும் பாவிக்க வேண்டும். கோயில் யாத்திரைகளை ஒழுங்கு செய்பவர்கள் இதன் பின்னாலுள்ள ஒரு சம்பவத்தை அறிந்திருப்பது நல்லது. 1993 நவம்பர் 18 அதிகாலை, ரோயல் அல்பேர்ட் ஹோலில் இசை நிகழ்ச்சி பார்த்துவிட்டுத் திரும்பிய வூஸ்டர்ஷையர் பாடசாலை மினிபஸ் ஒன்று, எம் 40 பெருந்தெருவின் ஓரத்தில் நின்ற வீதிப் பராமரிப்பு வாகனத்தில் மோதியது. 12 மாணவர்களும், வாகனத்தை ஓட்டிய ஆசிரியையும் இறந்தார்கள். அக்காலத்தில் மினிபஸ்ஸில் மூன்று பிள்ளைகளை இரண்டு பேராகக் கணக்கிட்டு ஏற்றவும் இடமிருந்தது. பெற்றார் விடாமல் போராடியதில், பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் ஒழுங்கு செய்யப்பட்ட பயணங்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்பார்த்த ஆசனமும் பெல்ற்றும் இருக்க வேண்டும் என்ற விதி 1997 இல் வந்தது. "பிள்ளைகள்தானே, நெருக்கி இருக்கட்டும்" என்ற சொல்லை இன்றும் நம் யாத்திரை வாகன வாசலில் கேட்கிறேன்.

கடல் கடந்தால் கணக்கு மாறும். ஜேர்மனியில் ஹம் காமாட்சி அம்பாள் தேருக்குக் காரில் போகும் குடும்பங்கள் பல. அங்கே எல்லை 12 வயது அல்லது 150 சென்ரிமீற்றர். 140 சென்ரிமீற்றர் உயரமான உங்கள் பத்து வயது மகன் இல்ஃபோர்ட்டில் வெறும் பெல்ற்றோடு இருக்கலாம். ஹம்மில் அவனுக்குப் பூஸ்ரர் வேண்டும். வழியிலுள்ள பிரான்சில் எல்லை 10 வயது, அதற்குக் குறைந்தவர்களை முன் ஆசனத்தில் இருத்துவதும் பொதுவாகத் தடை. ரொறன்ரோவுக்குப் போனால் 8 வயது, 36 கிலோ, 145 சென்ரிமீற்றர் இவற்றில் ஒன்றை எட்டும் வரை பூஸ்ரர். தமிழ்நாட்டுக்குக் கோயில் தரிசனத்துக்குப் போவோருக்கு: இந்தியாவின் 2019 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி 14 வயதுக்குக் குறைந்த பிள்ளை பெல்ற்றோ சீற்றோ இல்லாமல் காரில் போனால் 1,000 ரூபா தண்டம்.

இனி, என்ன செய்யலாம்? மினிகாப் பதிவு செய்யும்போதே பிள்ளையின் வயதையும் நிறையையும் சொல்லிச் சீற் கேளுங்கள். சில நிறுவனங்கள் தருவார்கள், சிறு தொகை கூட எடுப்பார்கள். தராவிட்டால் உங்கள் சீற்றையே கொண்டு போங்கள். பல விமான நிறுவனங்கள் பிள்ளையின் கார் சீற்றைத் தனிக் கட்டணமின்றி ஏற்றுகின்றன. உங்கள் நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள். ஐசோஃபிக்ஸ் கொளுவியில் பழகியவர்கள், அதே சீற்றைப் பெல்ற்றாலும் பூட்ட முடியுமா என்று கையேட்டைப் பாருங்கள். முடியுமென்றால் ஒரு சனிக்கிழமை சொந்தக் காரில் பழகுங்கள். பெல்ற் போகும் பாதை பின்பார்த்த சீற்றில் நீல நிறத்திலும் முன்பார்த்ததில் சிவப்பு நிறத்திலும் குறிக்கப்பட்டிருக்கும். விடியப்புறம் மூன்று மணிக்கு, சாரதி பொறுமையிழந்து நிற்கும்போது முதன்முறையாகப் பழக முடியாது. தடித்த குளிர் ஜக்கற்றைக் கழற்றிவிட்டே பட்டியைப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் இறுகியது போலத் தெரியுமே தவிர இறுகாது. கார் பூற் சந்தையில் மலிவாக வாங்கிய சீற் வேண்டாம். அது ஏற்கெனவே விபத்தில் அடிபட்டதா என்பதை விற்பவரும் சொல்லமாட்டார். மச்சாள் தந்த சீற் என்றால் அவரிடம் நேரே கேட்கலாம்.

சீற் கொண்டுபோவது பெரும் பாடு என்போருக்கு எலிசபெத் லைன் இருக்கிறது. இல்ஃபோர்ட் நிலையத்தில் ஏறி, நேராகவோ வழியில் ஒரு முறை மாறியோ ஹீத்ரோ போகலாம். ரயிலில் இந்தக் கேள்வியே எழாது. பெட்டி அதிகமென்றால் பெட்டிகளை ஒருவர் வாகனத்தில் கொண்டுபோக, பிள்ளை தாயோடு ரயிலில் போகட்டும். நாங்கள் சென்ற முறை அப்படித்தான் செய்தோம். முதல் ரயிலுக்கு முன் புறப்படும் பயணங்களுக்குத்தான் இது உதவாது.

ஆனால் சீற்றைக் கொண்டுபோவதற்கு இன்னொரு பெரிய காரணம் கட்டுநாயக்காவில் காத்திருக்கிறது. பதினொரு மணித்தியால விமானப் பயணத்தின் பின், அலுத்துக் களைத்து, வானில் ஏறி, புத்தளம் வழியோ தம்புள்ளை வழியோ யாழ்ப்பாணத்துக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். பெரும்பாலும் இரவோட்டம். வீதியில் மாடு, லைற் இல்லாத சைக்கிள், முந்திப் பாயும் பஸ். சாரதிக்கும் நித்திரை வரும். ஹீத்ரோப் பயணத்தைவிடப் பல மடங்கு கவனம் தேவைப்படும் பயணம் இதுதான். இங்கே ஒழுங்காகச் சீற்றில் கட்டும் பெற்றாரும் அங்கே இறங்கியவுடன் பிள்ளையை மடிக்கு மாற்றிவிடுகிறார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. பல வான்களில் பின் வரிசைகளில் பெல்ற் இல்லை. அல்லது ஆசன உறைக்கு அடியில் மறைந்து கிடக்கும். சிலவற்றில் இடுப்புப் பெல்ற் மட்டுமே. மூன்று முனைப் பெல்ற்றுக்கென்று செய்த சீற்றை அதில் பூட்ட முடியாது. இலண்டனிலிருந்து சுமந்து போன சீற் பிறகு பெட்டியோடு பெட்டியாகப் பின்னால் கிடக்கும். ஆகவே வானுக்கு முற்பணம் அனுப்ப முன்னர், நடு வரிசையில் தோளுக்கும் இடுப்புக்குமாக வரும் பெல்ற்றை இழுத்துப் பூட்டிக் காட்டி, வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். சென்ற முறை மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவர் பதிலே போடவில்லை. ஒருவர் "அண்ணை, பயப்படாதேங்கோ, நான் மெதுவாத்தான் ஓடுவன்" என்று குரற்பதிவு அனுப்பினார். மூன்றாமவர் படம் அனுப்பினார். வாடகை மற்ற இருவரையும்விட நாலாயிரம் ரூபா கூட. அவரையே பிடித்தோம்.