ஐந்து வாட்டும் மாட்டுங்கா டெரஸும்

செம்பூரிலோ மாட்டுங்காவிலோ ஒரு ஹவுசிங் சொசைட்டி டெரஸில் இருபது மீட்டர் செம்புக் கம்பியை இழுத்துக் கட்டிப் பாருங்கள். முதலில் வாட்ச்மேன் வருவார், பின்னாலேயே செகரட்டரி. ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசுவது, என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் நாலைந்து சந்தேகங்கள் வந்து விழும். அவற்றில் பாதி, புதிதாக இதில் இறங்க நினைப்பவர்களுக்கும் இருப்பவைதான். இங்கே நான் எடுத்துக்கொள்வது சிறு டிரான்ஸ்மிட்டர்களைப் பற்றிய சந்தேகங்களை மட்டும். மோர்ஸ் என்றால் ஐந்து வாட், பேச்சு என்றால் உச்சத்தில் பத்து வாட். இந்த எல்லைக்குள் நின்று பரிசோதிப்பதை ஹாம்கள் கியூ.ஆர்.பி. என்பார்கள்.

“நூறு வாட் இல்லாவிட்டால் அடுத்த தெருவைத் தாண்டாது”

மிகப் பரவலான நம்பிக்கை இது. மிகத் தவறானதும் இதுவே. நூறு வாட்டை ஐந்தாக்கினால் இருபதில் ஒரு பங்குதான் மிச்சம், உண்மை. ஆனால் டெசிபல் கணக்கில் அது 13 மட்டுமே. ரிசீவரின் சிக்னல் மீட்டரில் ஒரு படி 6 டெசிபல். ஒன்பதில் நிற்கும் முள் ஏழுக்குச் சற்றுக் கீழே இறங்கும், அவ்வளவுதான். அமைதியான இடத்தில் அது தாராளமாகக் காதில் விழும்.

தூரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வானம்தான். 7 மெகாஹெர்ட்ஸ் அலை 250 கிலோமீட்டருக்கு மேலே உள்ள அயனி மண்டலத்தில் வளைந்து திரும்பி வருகிறது. தாராவியிலிருந்து திருநெல்வேலி நேர்கோட்டில் ஏறக்குறைய 1,250 கிலோமீட்டர். ரயிலில் ஒரு நாளுக்கு மேல். நேரம் சரியாக அமைந்தால் அலைக்கு அது ஒரே தாவல். இதில் வேடிக்கை என்னவென்றால், 14 மெகாஹெர்ட்ஸில் அந்தத் தாவல் இன்னும் நீளம். ஐரோப்பாவில் கேட்கும் உங்கள் சிக்னல் புனேயில் கேட்காமல் போகலாம், அந்த ஊரின் தலைக்கு மேலே தாண்டிப் போய்விட்டது என்பதால்.

இன்னும் நம்பிக்கை வராதவர்களுக்கு விஸ்பர் இருக்கிறது. 1993இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோ டெய்லரும் ஒரு ஹாம்தான். அவர் 2008இல் வெளியிட்ட முறை இது. அனுப்பும் செய்தி வெறும் 50 பிட்: அழைப்புக்குறி, இருப்பிடம், எத்தனை வாட். இதை அனுப்ப ஏறக்குறைய 111 விநாடி எடுத்துக்கொள்கிறார்கள். அலை அகலம் 6 ஹெர்ட்ஸ்தான். இவ்வளவு நிதானமாகச் சொல்வதால், பேச்சுக்கான அகலத்தில் உள்ள இரைச்சலைவிடப் பல நூறு மடங்கு வலுக்குறைந்த சிக்னலையும் மறுமுனையில் கணினி பிரித்தெடுத்துவிடுகிறது. கால் வாட்டுக்கும் குறைவான சக்தியில் கண்டம் தாண்டுவது இதில் சாதாரணம். இருப்பிடக் குறியீட்டில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் மூன்றும் ‘எம்.கே.69’ கட்டத்தில் வருகின்றன. கொலாபா மட்டும் அட்சரேகை 19க்குத் தெற்கே நழுவி ‘எம்.கே.68’ ஆகிவிடுகிறது.

“அப்படியானால் சக்தியைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும்”

மும்பையில் ஆகாது. இந்த ஊரின் வியாதி வேறு. இங்கே அனுப்புவதைவிடக் கேட்பதுதான் கடினம். எல்.இ.டி. பல்பு, மொபைல் சார்ஜர், லிஃப்ட் மோட்டார், வாஷிங் மெஷின் என ஒவ்வொன்றும் தன் பங்குக்கு இரைச்சலைக் கக்குகிறது. மாட்டுங்காவுக்கு இரண்டு பக்கமும் ரயில். 25,000 வோல்ட் கம்பியில் பான்டோகிராஃப் உரசித் தெறிக்கும் பொறி ஒவ்வொன்றும் ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர். மீட்டர் முள் ஏழிலோ எட்டிலோ சும்மாவே நிற்கிற வீட்டில், ஏழில் வரும் பதில் எப்படிக் கேட்கும்? கல்யாண மண்டபத்தில் தவில்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நாம் மட்டும் குரலை உயர்த்தி என்ன பயன்? நாம் பேசுவது தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கும், அவர் சொல்வது நமக்குக் கேட்காது.

இந்த இடத்தில்தான் சின்ன செட் பெரிய செட்டை வெல்கிறது. ஐந்து வாட் செட் 12 வோல்ட்டில், அனுப்பும்போதுகூட, ஒன்று ஒன்றரை ஆம்பியர்தான் இழுக்கும். யு.பி.எஸ்.ஸில் இருக்கும் 7 ஆம்பியர்-மணி பாட்டரி ஒரு மாலைக்குப் போதும். வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கேளுங்கள். பிறகு ஒவ்வொரு சர்க்யூட்டாகப் போட்டுக்கொண்டே வந்தால் குற்றவாளி பிடிபடுவான். பெரும்பாலும் அது மலிவான ஒரு சார்ஜராகவே இருக்கும். அதைத் தூக்கிப்போடுவதோ, ஒயரில் ஃபெரைட் வளையம் மாட்டுவதோ நூறு வாட் செட் வாங்குவதைவிடச் சிக்கனம். பக்கத்து வீட்டு இரைச்சலுக்குச் சுழற்றி வைக்கக்கூடிய ஒரு வளைய ஆன்டெனா உதவும். இரைச்சல் வரும் திசைக்கு அதைச் செவிடாக்கலாம்.

“பங்களாவும் டவரும் வேண்டும், வெளிநாட்டு செட் வேண்டும்”

ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் செட்டை இந்தியாவில் எத்தனையோ பேர் வீட்டு மேஜையில் ஈயம் உருக்கிக் கட்டியிருக்கிறார்கள். சக்தி ஆறு வாட் அளவு. காயில் சுற்ற, கிடைக்காத இறக்குமதி வளையத்துக்குப் பதிலாகக் குழாய் வாஷரையே அவர் பயன்படுத்தினார். அப்படிப்பட்ட வாஷர் தாராவியில் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். டிரான்சிஸ்டருக்கு லாமிங்டன் ரோடு இருக்கவே இருக்கிறது. தகரக் கூரையும் இடைஞ்சல் மட்டுமல்ல. செங்குத்து ஆன்டெனாவுக்கு அதுவே நல்ல தரைத்தளம். ஒரு எச்சரிக்கை: துருப்பிடித்த போல்ட் டயோடு போல வேலை செய்து இல்லாத அலைவரிசைகளை உண்டாக்கும். மழைக்காலத்துக்குப் பின் மூட்டுகளைச் சுரண்டி இறுக்குவது நல்லது.

“ரேடியேஷன் வரும், டி.வி. கெடும்”

பழைய ஜி.எஸ்.எம். போன் காதோடு ஒட்டிக்கொண்டு உச்சத்தில் இரண்டு வாட் வீசியது. டெரஸில் உள்ள ஐந்து வாட் கம்பியைப் பற்றி நான்காம் மாடிக்காரர் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் அனுப்பும்போது கம்பியின் நுனியைத் தொடக் கூடாது. ஐந்து வாட்டிலும் அங்கே நூறு வோல்ட்டுக்கு மேல் ஏறி விரலைச் சுடும். டி.வி. புகார் ஒரு காலத்தில் நியாயமானது. 21 மெகாஹெர்ட்ஸின் மூன்று மடங்கு 63. தூர்தர்ஷனின் அனலாக் நான்காம் சேனல் 61 முதல் 68 வரை. மோசமான செட் அங்கே கோடு போடத்தான் செய்தது. கேபிளும் டிஷ்ஷும் வந்தபின் அந்தச் சண்டை ஓய்ந்துவிட்டது.

“உளவு வேலையோ என்னவோ”

நம்மவர்களுக்கு வயர்லெஸ் என்றாலே ஒரு நெருடல். 1986இல் புலிகளின் தொலைத்தொடர்புக் கருவிகள் பறிமுதலானதும், பிரபாகரன் சென்னையில் உண்ணாவிரதம் இருந்ததும் இன்னும் பலர் நினைவில் உண்டு. மும்பைக்கும் தன் ரகசிய வானொலி உண்டு. உஷா மேத்தாவும் தோழர்களும் 1942 ஆகஸ்ட் முதல் நவம்பர் 12 அன்று பிடிபடும் வரை இடம் மாற்றி மாற்றி நடத்திய காங்கிரஸ் ரேடியோ 42.34 மீட்டரில் ஒலித்தது. மெகாஹெர்ட்ஸில் அது ஏழுக்குச் சற்று மேல். இன்று ஹாம்கள் சட்டப்படி பேசும் பேண்டின் நடுவிலேயே விழுகிறது!

ஆனால் ஹாம் செய்வது நேர் எதிர். அழைப்புக்குறியைச் சொல்லியே பேச வேண்டும், ரகசியக் குறியீடு கூடாது, வியாபாரம் கூடாது. ஒளிந்துகொள்ள நினைப்பவனுக்கு இதைவிட மோசமான இடம் இல்லை.

“ஐந்து வாட்தானே, லைசென்ஸ் எதற்கு?”

இந்த நம்பிக்கைதான் ஆபத்தானது. ஹாம் பேண்டில் ஒரு மில்லிவாட் அனுப்பினாலும் லைசென்ஸ் வேண்டும். இதில் ‘சின்ன செட்’ என்ற சலுகை கிடையாது. சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் பேசத்தான் வேண்டுமென்றால் 27 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய சிட்டிசன் பேண்ட் தனியாக இருக்கிறது. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் வாக்கி டாக்கிகளில் பல அதற்கும் அடங்காதவை.

லைசென்ஸ் ஒன்றும் மலையில்லை. பன்னிரண்டு வயது நிரம்பினால் எழுதலாம். ரெஸ்டிரிக்டெட் பிரிவுக்கு மோர்ஸ் தேர்வு இல்லை. அடிப்படை மின்னணுவியலும் விதிகளும்தான். மத்திய அரசின் சரல் சஞ்சார் தளத்தில் விண்ணப்பிக்கலாம். இந்தப் பிரிவுக்கே 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே 50 வாட் அனுமதி. 1924 ஜூலை 31 அன்று கிருஷ்ணசாமி செட்டியாரின் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஊருக்கே ஒலிபரப்பத் தொடங்கியபோது வைத்திருந்த டிரான்ஸ்மிட்டர் 40 வாட்தான்.