'இன்சினுவேட்': சாடை பேசும் ஓர் ஆங்கிலச் சொல்



'இன்சினுவேட்' என்ற வினைச்சொல்லுக்கு 'மறைமுகமாகக் கூறு' என்று அர்த்தம் சொல்வார்கள். தப்பில்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதி தெரியாமல் எழுதினால் வம்பு வரும்.

நம்ம பக்கம் கல்யாண வீட்டில் சீர் சாமான்களைப் பரப்பி வைப்பார்கள் அல்லவா? பார்க்க வந்த ஓர் ஆச்சி, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. மூத்த மருமக கொண்டாந்தது இன்னும் கொஞ்சம் கனமா இருந்துச்சு" என்பார். குறை என்று ஒரு வார்த்தை இல்லை. பெண்ணைப் பெற்றவளுக்கு மட்டும் முகம் சுருங்கிவிடும். இதுதான் சாடை பேசுவது. இன்சினுவேட் என்பதும் இதுவே. சொல்ல வருவது கெட்டதாக இருக்க வேண்டும், அதை நேரே சொல்லாமலும் இருக்க வேண்டும்.

ஆகவே நல்லதுக்கு இந்தச் சொல் ஆகாது. எர்த்திங்கை முதலில் பார்க்கும்படி சூப்பர்வைசர் குறிப்புக் காட்டினார் என்று டிரெயினிங் ரிப்போர்ட்டில் எழுத வேண்டுமா? 'இன்சினுவேட்டட்' என்று போட்டால் மனுஷர் யார் மேலோ பழி போட்டதாக ஆகிவிடும்! 'ஹின்ட்டட்' போதும். 'இம்ப்ளை' பொதுவான சொல், நல்லதுக்கும் வரும், கெட்டதுக்கும் வரும். 'இன்ஃபர்' என்பது கேட்பவர் ஊகித்துக்கொள்வது.

சொல் பிறந்த கதை நமக்கு ருசியானது. லத்தீனில் 'சைனஸ்' என்றால் வளைவு, மடிப்பு. வளைந்து நெளிந்து உள்ளே நுழைவதுதான் இன்சினுவேட். நம்மைப் படுத்தி எடுக்கும் டிரிக்னாமெட்ரி 'சைன்' என்ற பெயரும் அதே லத்தீன் சொல்தான். சமஸ்கிருத 'ஜீவா' அரபு மொழிக்குப் போய், அங்கே மடிப்பு என்று பொருள்படும் சொல்லாகப் படிக்கப்பட்டு, 12-ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்கு வந்தது. ஆசிலோஸ்கோப்பில் நெளியும் அலையும் ஆச்சியின் பேச்சும் ஒரு வகையில் உறவு!

சட்டம்கூட இதை விடவில்லை. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499-ஆவது பிரிவு அவதூறு பற்றியது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு உள்ளது. அதில் வரும் உதாரணத்தைப் பாருங்கள். ஒருவர் யோக்கியர், இன்னாருடைய கடிகாரத்தை அவர் திருடவே இல்லை என்று ஒருவன் சொல்கிறான். அவர்தான் திருடினார் என்று கேட்பவர்கள் நம்ப வேண்டும் என்பதே அவன் நோக்கம். அப்படியானால் அதுவும் அவதூறு. புகழ்ச்சி மாதிரியே இருக்கும், உள்ளே ஊசி!

வாக்கியத்தில் போடும்போது 'ஹி இன்சினுவேட்டட் தட்...' என்று எழுதுங்கள். யாரிடம் என்றால் 'டு மீ'. 'இன்சினுவேட்டட் மீ' என்று எழுதக் கூடாது.

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். உங்களில் பலரும் அப்படித்தான். நாளை இன்டர்வியூவில், "இவ்வளவு மார்க்கும் நீயே எழுதி வாங்கினதா?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்கலாம். சாடை நமக்குப் புரியும். 'வாட் ஆர் யூ இன்சினுவேட்டிங்?' என்று திருப்பிக் கேட்டால் கிராமர் சரி, ஆனால் அது சண்டைக்கு இழுக்கிற வாக்கியம். 'எஸ் சார், ப்ளீஸ் ஆஸ்க் மீ எனி கொஸ்டின்' என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்காருங்கள்.