எந்தக் கருங்காலி?

நம்பிக்கை: "சித்தர்கள் சொன்ன கருங்காலி இதுதான். கழுத்தில் போட்டால் செவ்வாய் தோஷம் விலகும். வான்கதிர்களை இழுத்து உடம்புக்குச் சக்தி தரும்."

இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கல்யாண வீடு, ரயில் பெட்டி, வங்கி வரிசை என்று எங்கே போனாலும் யாராவது சட்டைக்குள்ளிருந்து கருப்பு மணிமாலையை எடுத்து நீட்டுகிறார்கள். "சார், நீங்க தாவரவியல்தானே? இது ஒரிஜினல் கருங்காலியான்னு பாத்துச் சொல்லுங்க." நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தக் கருங்காலி? விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

உண்மை: தமிழில் கருங்காலி என்ற பெயர் குறைந்தது இரண்டு மரங்களுக்கு வழங்குகிறது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

முதலாவது முள்மரம். வேல மரத்தின் சொந்தம். பொடிப்பொடியான இலைகள், இரட்டை இரட்டையாக வளைந்த முட்கள், தட்டையான காய். முன்பு அகேசியா என்றார்கள், இப்போது செனிகாலியா காட்டெச்சு என்கிறார்கள். வடமொழியில் கதிரம், இந்தியில் கைர். வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டி, இதன் வைரத்தை, அதாவது நடுமரத்தை, சீவிக் கொதிக்கவைத்துச் சுண்டக் காய்ச்சி எடுப்பதுதான்.

இரண்டாவதில் முள்ளே கிடையாது. கரும்பச்சை இலை, அடர்ந்த நிழல், ஆமை வேக வளர்ச்சி. டயோஸ்பைரோஸ் எபினம் என்பது அறிவியல் பெயர். பீடி இலை தரும் தும்பியும், பழக்கடையில் இப்போது கிடைக்கும் பெர்சிமனும் இதன் பங்காளிகள். ஆங்கிலத்தில் எபனி, சிங்களத்தில் கலுவர. இலங்கைத் தமிழர் கருங்காலி என்றால் இதைத்தான் சொல்வார்கள். இதை அறிவியல் உலகுக்கு விவரித்தவர், 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த கோனிக்.

இப்போது மாலைக்கு வருவோம். சித்த மருந்துகளில் பேசப்படும் கருங்காலி முதல் மரம், முள்மரம். செவ்வாய்க்கு உரிய சமித்து (வேள்வியில் இடும் குச்சி) என்று யாக்ஞவல்கிய ஸ்மிருதி சொல்வதும் கதிரம்தான். சூரியனுக்கு எருக்கு, புதனுக்கு நாயுருவி, சனிக்கு வன்னி என்று போகிற அந்தப் பட்டியலைத் தமிழாக்கியபோது கதிரம் கருங்காலி ஆனது. ஆனால் உங்கள் கழுத்தில் பளபளக்கும் கருப்பு மணிக்கு எபனியைத்தான் முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். சாஸ்திரம் ஒரு மரத்துக்கு, மணி இன்னொரு மரத்தில்! நம்பிக்கை இருக்கிறவர்களே, உங்கள் நூல்படி பார்த்தாலும் மரம் மாறிவிட்டது. இதைக்கூடக் கேட்காமலா காசைக் கொடுப்பது?

சந்தேகம் இருந்தால் கண்ணால் பாருங்கள். காசுக்கட்டி மரத்தின் வைரம் மைக்கருப்பு அல்ல, செம்பழுப்பு. சீவலை வெந்நீரில் போட்டால் நீர் சிவக்கும். கேரளத்தில் கரிங்காலி என்று கேட்டால் குடிநீரில் போட்டுக் கொதிக்கவைக்கும் அந்தச் சீவல்தான் வரும்; கருப்பு மணி வராது. வெட்டு முகத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பார்த்தால் இன்னும் தெளிவு. முள்மரத்தில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் வெளிறிய வளையம் இருக்கும். எபனியில் வளையம் இருக்காது, மயிரிழை போன்ற குறுக்குக் கோடுகள் ஓடும். இந்த வேலைக்கு ஐந்து நிமிடம் போதும்.

கதிர் இழுக்கும் கதைக்கு ஐந்து நிமிடம்கூடத் தேவையில்லை. காய்ந்த மரம் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. அதனால்தான் மின்பழுது பார்ப்பவர்கள் மர ஸ்டூலைத் தேடினார்கள். மரம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், வெயிலில் விடும். வான்கதிரைப் பிடித்து, சேமித்து, தோல் வழியாக உடம்புக்குக் கொடுக்கும் உறுப்பு எதுவும் வைரத்தில் கிடையாது. வைரம் என்பதே உயிர்ப்பு அடங்கிய செல்களின் அடுக்கு. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு மாலையை நம்பியவர்களைப் பார்க்கிறேன். இது பக்தி இல்லை, விபரீதம்.

கருப்பு மரத்தின் பெயர் ஆளை ஏமாற்றுவது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. எபனி என்ற சொல்லின் வேர் பழைய எகிப்தியச் சொல். ஆனால் எகிப்தியர் அந்தப் பெயரில் அரசர்களுக்கு மேசையும் கட்டிலும் செய்த மரம் நம் ஈட்டியின் ஆப்பிரிக்க உறவான டல்பெர்ஜியா. பெயர் கிரேக்கம் வழியாகப் பயணப்பட்டு வேறொரு மரத்தில் ஒட்டிக்கொண்டது. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் நம் தச்சர்கள் கருங்காலியில் இழைத்த நாற்காலிகள் இங்கிலாந்துக்குப் போயின. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் அவற்றைப் பழைய டியூடர் காலத்து ஆங்கிலச் சாமான் என்று நம்பி வாங்கிச் சேர்த்தார். நாடு தப்பு, காலம் தப்பு. கருப்பாக இருந்தால் போதும், கதை தானாக வளரும்.

நம்பிக்கை: தண்ணீரில் மூழ்கினால் அசல்.

உண்மை: கருங்காலி மூழ்கும், சரி. ஆச்சா மரமும் மூழ்கும். நல்ல கனமுள்ள எந்த வைரமும் மூழ்கும். மூழ்குவது எடைக்குச் சான்று, இனத்துக்கு அல்ல.

நம்பிக்கை: உள்ளே வரை கருப்பாக இருந்தால் சாயம் இல்லை.

உண்மை: கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சிய ஊர் இது. துவர்ப்புச் சத்துள்ள மரத்தில் இரும்பு நீர் பட்டால் மரமே கருக்கும். துருப்பிடித்த ஆணியை வினிகரில் ஊறவைத்து அந்த நீரைக் கருவேலம் பலகையில் தடவிப் பாருங்கள். சின்ன மணிக்குள் அது ஊறுவதா பெரிய காரியம்?

நம்பிக்கை: கோடரிக் காம்பாகி மரத்தையே வெட்டியதால்தான் துரோகிக்குக் கருங்காலி என்று பெயர்.

உண்மை: கோடரிக்காம்பு என்பது தனி வசவு. வேலைநிறுத்தத்தை உடைப்பவரைக் கருங்காலி என்பது ஆங்கிலத் தொழிற்சங்கப் பேச்சில் இருந்த 'பிளாக்லெக்' என்ற சொல்லின் நேர்த் தமிழ்: கருப்புக் கால்காரன். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த பிறகு வளர்ந்த தொழிற்சங்கத் தமிழுக்கு உரிய வசவு அது. மரத்தின் பெயரோடு ஒலி ஒத்துப்போனது தற்செயல். மரம் யாருக்கும் துரோகம் செய்யவில்லை.

துரோகம் செய்வது நாம்தான். எபனியின் வெளிமரம் வெளிறியது; நடுவில் மட்டுமே கருப்பு. அது பருக்கப் பல பத்தாண்டுகள் வேண்டும். மாலை மோகம் ஓங்கினால் எந்தக் காட்டில் கோடரி விழும் என்று யோசித்தோமா? சோழமண்டலக் கரையோரம் உலர் பசுமைமாறாக் காடு துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது, பெரும்பாலும் அய்யனார் கோயில் காடுகளாக. வீரை, காசான், உலக்கைப்பாலை இவற்றோடு கருங்காலிக்கும் இடம் அதுதான். அந்தக் காட்டை அழித்துச் சிமெண்ட் மண்டபம் கட்டுகிற ஊர்தான், சந்தையில் மாலை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொள்கிறது.

இரண்டு காரியம் செய்யுங்கள். மாலை விற்பவரிடம் தாவரப் பெயரை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்; எழுத மறுத்தால் வாங்காதீர்கள். ஊர்க் கோயில் நிர்வாகத்திடம் பேசி, வளாகத்தில் நிற்கும் ஒவ்வொரு மரத்துக்கும் தமிழ்ப் பெயரும் அறிவியல் பெயரும் எழுதிய பலகை வைக்கச் செய்யுங்கள்; காலி இடத்தில் இரண்டு கருங்காலிகளையும் அருகருகே நட்டு வளருங்கள். முள்ளையும் இலையையும் தொட்டுப் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் யாரும் பொய்க் கருங்காலியை விற்க முடியாது.